பானம் புளிக்கிறது, மணி மட்டும் வளரவில்லை: வாட்டர் கெஃபிர் குறிப்புகள்

வாட்டர் கெஃபிரில் நடப்பது இரண்டு வேலை. ஒன்று, சர்க்கரைத் தண்ணீர் புளித்து நுரைக்கும் பானமாவது. இன்னொன்று, அதைப் புளிக்க வைக்கும் மணிகள் பெருகுவது. இரண்டும் ஒரே ஜாடியில் நடப்பதால், ஒன்று நன்றாக நடந்தால் மற்றதும் தானாக நடந்துகொண்டிருக்கும் என்று தோன்றும். என் ஜாடியில் பானம் ஒவ்வொரு முறையும் குறை சொல்ல முடியாதபடி வந்தது: லேசான புளிப்பு, நாக்கில் சுருக்கென்ற வாயு. ஆனால் மணிகளின் எடை அப்படியே நின்றது. அதைச் சரிசெய்ய எடுத்த முயற்சிகளைத்தான் இங்கே எழுதுகிறேன். அடிப்படைச் செய்முறையும் நடுவில் வந்துவிடும்.

முதலில் அந்த மணி எப்படி இருக்கும் என்று பார்த்துவிடலாம். ஒன்றை எடுத்து நகத்தின் மேல் வைத்தால், உடைந்த கல்கண்டுத் துண்டு போல முனைமுனையாக, கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவ நிற்கும். விரலால் அழுத்தினால் வழுக்கிக்கொண்டு ஓடும். இன்னும் அழுத்தினால் நசுங்காமல் பட்டென்று இரண்டாக உடையும். உடைந்த முகமும் வழவழவென்று சுத்தமாக இருக்கும். நலமான மணிக்கு இதுதான் அடையாளம். ஓரங்கள் மழுங்கி, தொட்டால் கூழாக இழைந்தால் ஏதோ சரியில்லை. நிறத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், போடும் சர்க்கரையின் நிறத்தை அது ஏற்றுக்கொள்ளும். அளவும் அப்படித்தான். மிளகு அளவில் இருந்தாலும் பட்டாணி அளவில் இருந்தாலும் வேலை ஒன்றே.

இந்த மணி விதையோ செடியோ அல்ல. டெக்ஸ்ட்ரான் என்ற பசைச் சர்க்கரையால் ஆன கூடு அது. லாக்டிக் அமில பாக்டீரியா, ஈஸ்ட், கொஞ்சம் அசிட்டிக் அமில பாக்டீரியா எல்லாம் அதில் குடியிருக்கின்றன. கூட்டைக் கட்டுவதில் முக்கியமானது முன்பு லாக்டோபேசில்லஸ் ஹில்கார்டி என்று அழைக்கப்பட்ட பாக்டீரியா. இதன் நெருங்கிய சொந்தம், இஞ்சிப் பானத்தைப் புளிக்க வைக்கும் ‘ஜிஞ்சர் பியர் பிளான்ட்’. அதை ஹாரி மார்ஷல் வார்ட் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் 1892-இல் பிரித்து ஆராய்ந்து, அது ஈஸ்டும் பாக்டீரியாவும் சேர்ந்த கூட்டுக் குடித்தனம் என்று எழுதினார். மெக்சிகோவில் ‘டிபி’ என்று அழைக்கப்படும் இதே வகை மணிகளைப் பற்றி லுட்ஸ் என்ற ஆய்வாளர் 1899-இல் எழுதியிருக்கிறார். நாமாகச் சர்க்கரையையும் பழத்தையும் ஊறவைத்து இந்த மணிகளை உண்டாக்க முடியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஏற்கெனவே வைத்திருப்பவரிடம் வாங்கித்தான் தொடங்க வேண்டும்.

எனக்குக் கிடைத்தவை காய்ந்த மணிகள். பார்த்தால் பழுப்புச் சர்க்கரைத் துகள் என்றே நினைப்போம். அரை லிட்டர் தண்ணீரில் 30 கிராம் சர்க்கரை கரைத்து, முழுக்க ஆறியதும் அதில் போட்டு மூன்று நான்கு நாள் விட்டால் ஊதிப் பளபளப்பாகும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடலாம். அடுத்த ஓரிரண்டு சுற்றுப் பானமும் சுவையாக இருக்காது. ஈஸ்ட் முதலில் விழித்துக்கொள்ளும், பாக்டீரியா நிதானமாகத்தான் வரும். அதனால் தொடக்கத்தில் மாவு புளித்த வாடை தூக்கலாக இருக்கும்.

விழித்த பிறகு என் வழக்கமான அளவு இது: ஒரு லிட்டர் தண்ணீர், 60 கிராம் வெள்ளைச் சர்க்கரை, வடித்த மணி 60 கிராம், ஒரு காய்ந்த அத்திப்பழம். கண்ணாடி ஜாடி, தளர்வாக மூடிய மூடி. 22 முதல் 27 டிகிரி வரை வெப்பம் உள்ள இடத்தில் ஒன்றரை அல்லது இரண்டு நாள். பிறகு வடித்து, பானத்தைப் பாட்டிலுக்கும் மணிகளைப் புதிய சர்க்கரைத் தண்ணீருக்கும் மாற்றுவது. அத்திப்பழம் அடியிலிருந்து மேலே வந்து மிதந்தால் உள்ளே வாயு உண்டாகிறது என்று பொருள். நல்ல அறிகுறிதான், ஆனால் அது ஈஸ்டின் அறிகுறி. மணி வளர்கிறதா என்பதை அத்திப்பழம் சொல்லாது.

அதைச் சொல்வது தராசு மட்டும்தான். கண்ணளவில் பார்த்தால் ஜாடியின் அடியில் எப்போதும் நிறைய இருப்பது போலவே தெரியும். கரண்டிக் கணக்கும் உதவாது, மணிகளுக்கு நடுவே எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதைப் பொறுத்து அது மாறும். நான் பிளாஸ்டிக் வடிகட்டியில் கொட்டி, தட்டாமல் குலுக்காமல் இரண்டு நிமிடம் அப்படியே வைத்துவிட்டுப் பிறகு நிறுக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதே இரண்டு நிமிடம். இப்படி நிறுக்கத் தொடங்கியபோதுதான் சிக்கல் வெளிப்பட்டது. 60 போட்டால் 60, 61, சில சமயம் 59. நலமான மணிகள் ஒரே சுற்றில் பாதிக்குமேல் கூடும். சில சமயம் இரட்டிப்பும் ஆகும்.

முதல் சந்தேகம் சர்க்கரை மேல். பானம் புளிக்க எந்தச் சர்க்கரையும் போதும், மணி வளர அப்படி இல்லை. டெக்ஸ்ட்ரானைக் கட்டும் நொதிக்கு சுக்ரோஸ்தான் வேண்டும், அதாவது சாதாரண வெள்ளைச் சர்க்கரை. அந்த நொதி சுக்ரோஸை உடைத்து, குளுக்கோஸ் பாதியைக் கூட்டில் சேர்த்துவிட்டு ஃப்ரக்டோஸ் பாதியைத் தண்ணீரில் விட்டுவிடுகிறது. தனி குளுக்கோஸை வைத்து அதற்கு வேலை செய்யத் தெரியாது. இதைக் கண்ணால் பார்க்கவே ஒரு ஜாடியில் குளுக்கோஸ் பவுடர் மட்டும் போட்டேன். நுரைத்தது, புளித்தது, எடை அசையவில்லை. தேனிலும் பெரும்பாலும் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும்தான் இருக்கின்றன, அதனால் தேனில் மணிகளை வளர்க்க நினைப்பவர்களுக்கும் இதே கதைதான். ஆனால் என் வழக்கமான ஜாடியில் இருந்தது சுத்தமான சுக்ரோஸ். ஆக, சர்க்கரை குற்றவாளி இல்லை.

அப்புறம் புளிப்பை அளக்கும் பிஎச் தாள் வாங்கினேன் (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்). இருபத்து நான்கு மணி நேரத்திலேயே தாளின் நிறம் 3.5-ஐ ஒட்டி வந்துவிட்டது. விஷயம் அங்கே பிடிபட்டது. இரண்டு நாள் முடிவில் இந்த அளவு புளிப்பு வருவது இயல்பு. ஒரே நாளில் அங்கே போய்விட்டால், மீதி நேரம் முழுவதும் மணிகள் தங்கள் அமிலத்திலேயே ஊறிக்கொண்டிருக்கின்றன. ஈஸ்ட் இந்தப் புளிப்பைப் பொருட்படுத்தாது, அதனால் வாயுவும் சுவையும் வந்துகொண்டே இருக்கும். டெக்ஸ்ட்ரானைக் கட்டும் நொதி அவ்வளவு அமிலத்தில் ஓய்ந்துவிடும். பானம் அருமையாகவும் வளர்ச்சி பூஜ்யமாகவும் இருந்ததற்கு இதுதான் விளக்கம்.

ஏன் இவ்வளவு சீக்கிரம் புளிக்கிறது? நான் ஊற்றியது ஆர்ஓ தண்ணீர். ஆர்ஓ இயந்திரம் உப்புகளோடு சேர்த்து பைகார்பனேட்டையும் கால்சியத்தையும் பெருமளவு எடுத்துவிடுகிறது. கொஞ்சம் அமிலம் சேர்ந்தாலும் பிஎச் சட்டென்று இறங்காமல் தாங்கிப் பிடிப்பது அந்தப் பைகார்பனேட்தான். கால்சியத்துக்கு வேறு வேலை: டெக்ஸ்ட்ரான் கட்டும் நொதி நிலையாக இருக்க அது தேவை. சுத்தமான தண்ணீர் நல்லது என்று நாம் கொடுத்தது மணிகளுக்கு வெறும் தண்ணீராகப் போய்விட்டது.

சொல்லிவிட்டால் போதுமா, பார்க்க வேண்டுமே. மூன்று அரை லிட்டர் ஜாடிகள், ஒவ்வொன்றிலும் 30 கிராம் சர்க்கரை, 30 கிராம் மணி, ஒரே அளவு அத்திப்பழத் துண்டு. முதல் ஜாடியில் வெறும் ஆர்ஓ தண்ணீர். இரண்டாவதில் அதே ஆர்ஓ தண்ணீரோடு விரல் நுனியால் ஒரு சிட்டிகை சமையல் சோடாவும், பத்து நிமிடம் கொதிக்கவைத்துக் காயவைத்த முட்டை ஓட்டில் ஒரு துண்டும். மூன்றாவதில் உப்புத்தன்மை கொஞ்சம் உள்ள குழாய்த் தண்ணீர். சுற்று முடிந்ததும் நிறுத்து, மீண்டும் 30 கிராமுக்குக் குறைத்து, புதிய தண்ணீரில் தொடர்ந்தேன்.

முதல் சுற்றில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டாவது சுற்றிலிருந்து பிரிந்தது. ஆர்ஓ ஜாடி 31-க்கு மேல் போகவில்லை. சோடாவும் ஓடும் போட்டது 44 வரை வந்தது. குழாய்த் தண்ணீர் ஜாடி அதையும் தாண்டி 48. மணிகளின் தோற்றமும் மாறியது: மழுங்கிக் கிடந்த ஓரங்களில் சின்னச் சின்னக் கட்டிகள் முளைத்து, பூக்கோசின் மேற்பரப்பை நினைவூட்டின. அந்தக் கட்டிகள்தான் பிறகு உடைந்து தனி மணிகளாகின்றன.

முட்டை ஓட்டைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்க்கலாம், பார்க்கத் தகுந்த காட்சி. தொடக்கத்தில் சும்மா கிடக்கும். அமிலம் ஏற ஏற அதன் மேல் ஊசிமுனைக் குமிழ்கள் ஒட்டிக்கொள்ளும். ஓட்டின் கால்சியம் கார்பனேட் கரைந்து, அமிலத்தை முறித்து, கால்சியத்தைத் தண்ணீருக்குக் கொடுக்கிறது. புளிப்பு கூடினால் கூடக் கரையும், குறைந்தால் சும்மா இருக்கும். சோடாவில் இந்த வசதி இல்லை, போட்டவுடன் முழுதும் கரைந்துவிடும். கை கொஞ்சம் தாராளமாகிவிட்டால் சோப்புச் சுவை வரும். சில சுற்றுகள் போனதும் ஓடு மெலிந்து, உள்சவ்வு தனியாகக் கழன்று மிதக்கும். அப்போது துண்டை மாற்றிவிடுகிறேன்.

குழாய்த் தண்ணீரில் ஒரு நுணுக்கம் உண்டு. குளோரினைப் போக்க எல்லோரும் சொல்வது கொதிக்கவைக்கச் சொல்லித்தான். குளோரின் போகும், சரி. ஆனால் கொதிக்கும்போது கால்சியம் பைகார்பனேட்டும் சிதைந்து பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவமாக ஒட்டிவிடுகிறது. எது வேண்டும் என்று குழாய்த் தண்ணீருக்கு வந்தோமோ, அதையே பாத்திரத்தில் விட்டுவிட்டு மீதியை ஜாடிக்கு ஊற்றுகிறோம். அதனால் நான் கொதிக்கவைப்பதை விட்டுவிட்டு, அகன்ற பாத்திரத்தில் இரவு முழுவதும் திறந்து வைக்கிறேன். குடிக்கப் பாதுகாப்பான தண்ணீராக இருந்தால் மட்டுமே இந்த வழி. குளோரினுக்குப் பதிலாகக் குளோராமின் கலக்கும் இடங்களில் திறந்து வைப்பதால் பெரிய பயன் இல்லை. அங்கே வைட்டமின் சி பவுடர் மிகச் சின்னச் சிட்டிகை போட்டால் அது முறிந்துவிடும்.

தாது உப்பு நல்லது என்றதும் மொலாசஸ் (சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கரும்புப் பாகு), கல்லுப்பு, பழுப்புச் சர்க்கரை என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கொட்டும் ஆசை வரும். அளவு மீறினால் தண்ணீர் விளக்கெண்ணெய் மாதிரி இழுபடத் தொடங்கும், மணிகள் கூழாகும். அப்படி நேர்ந்தால் எல்லாச் சேர்க்கையையும் நிறுத்தி, வெள்ளைச் சர்க்கரையும் தண்ணீரும் மட்டும் வைத்து, 24 மணி நேரச் சுற்றுகளாக நடத்தினால் பெரும்பாலும் தேறிவிடும். ஒரு லிட்டருக்கு அரைத் தேக்கரண்டி மொலாசஸுக்கு மேல் நான் போவதில்லை. குழாய்த் தண்ணீர் என்றால் அதுவும் இல்லை.

மணிகள் இருக்கும் ஜாடியில் எலுமிச்சைத் துண்டு போடுவதை விட்டுவிட்டேன். நிறையச் செய்முறைகளில் அது இருக்கிறது. தாங்கும் சக்தி இல்லாத தண்ணீரில் அது முதல் நிமிடத்திலேயே பிஎச்சைக் கீழே இழுத்துவிடும். சுவைக்கு வேண்டுமானால் மணிகளை வடித்த பிறகு பாட்டிலில் பிழிந்துகொள்ளலாம். அத்திப்பழம் இருக்கட்டும், ஈஸ்டுக்கும் பாக்டீரியாவுக்கும் தேவையான நைட்ரஜன் வெறும் சர்க்கரையில் இல்லை, பழத்திலிருந்துதான் வர வேண்டும். உலர்பழம் வாங்கும்போது சல்ஃபைட் சேர்த்ததா என்று லேபிளைப் பாருங்கள். பளீரென்ற ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் உலர்ந்த ஆப்ரிகாட்டில் பெரும்பாலும் அது இருக்கும், கிருமிகளை அடக்கத்தானே அதைப் போடுகிறார்கள். இஞ்சி ஒரு வட்டத் துண்டு போட்டால் என் மணிகளுக்கு உற்சாகம் வருகிறது.

வெப்பம் முப்பதைத் தாண்டினால் நேரத்தைக் குறைத்துவிட வேண்டும். அந்தச் சூட்டில் ஒரு நாளே அதிகம்.

இனி எதிர்ப்பக்கச் சிக்கல். மணிகள் வளரத் தொடங்கினால் நிற்காது. 60 கிராம் 100 ஆகி, அதே ஒரு லிட்டரில் அதே 60 கிராம் சர்க்கரையில் தொடர்ந்தால், கூட்டம் பெருகி அமிலம் மறுபடி சீக்கிரமாக ஏறும், வளர்ச்சி மறுபடி நிற்கும். தண்ணீரைச் சரிசெய்தும் பழைய இடத்துக்கே வந்து நிற்போம். ஆகவே ஒவ்வொரு வாரமும் தராசில் வைத்து 60-க்குக் குறைக்கிறேன். மிஞ்சியதில் ஒரு பங்கு சேமிப்புக்கு, ஒரு பங்கு கேட்பவர்களுக்கு, மீதி உரக்குழிக்கு. மணிகளைச் சாப்பிடவும் செய்யலாம். பெரிய சுவை ஒன்றும் இல்லை, நறநறவென்ற ஜெல்லிதான்.

பாட்டில் விஷயத்தில் சற்று நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் இதில் கை கிழியும். வடித்த பானத்தை மூடி இறுக்கி ஒரு நாள் வெளியே வைத்தால் வாயு ஏறும். எவ்வளவு ஏறும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு லிட்டரில் ஏறத்தாழ 4 கிராம் சர்க்கரையை ஈஸ்ட் தின்றால், பானத்தின் கொள்ளளவுக்குச் சமமான கார்பன் டைஆக்சைடு உண்டாகும். கடையில் விற்கும் சோடா வகைகளில் அது சுமார் நான்கு மடங்கு. என் பானத்தில் வடிக்கும்போது பாதிச் சர்க்கரை மிச்சம் என்று வைத்தால் 30 கிராம், அதாவது ஏழு மடங்குக்கு மேல். பழச்சாறு சேர்த்தால் இன்னும் கூடும். மிச்சம் முழுவதையும் ஈஸ்டே தின்றுவிடாது, ஆனாலும் வெளியே மறந்து வைத்த பாட்டிலுக்குள் சோடாவை மிஞ்சும் அழுத்தம் வர அது தாராளமாகப் போதும். ஊறுகாய் ஜாடி, சதுர வடிவ அலங்கார பாட்டில் எதுவும் இதற்கு ஆகாது. அழுத்தம் தாங்கும் தடித்த பாட்டில் வேண்டும். இல்லையென்றால் காலியான சோடா பிளாஸ்டிக் பாட்டில். நான் ஒவ்வொரு தொகுப்பிலும் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலையாவது சேர்த்து நிரப்புகிறேன். அது அழுத்தினால் அமுங்காமல் கல் மாதிரி ஆனதும் எல்லா பாட்டில்களையும் ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிடுவேன். நன்றாகக் குளிர்ந்த பிறகு, கழுவும் தொட்டிக்கு மேல் பிடித்து மெதுவாகத் திறக்க வேண்டும்.

இதே கணக்கில் ஆல்கஹாலும் வருகிறது. லிட்டருக்கு 60 கிராம் சர்க்கரை முழுவதும் ஈஸ்டுக்கே போனால் நாலு சதவீதத்தை நெருங்கும். நடைமுறையில் பெரும் பங்கு அமிலமாகவும் டெக்ஸ்ட்ரானாகவும் ஃப்ரக்டோஸாகவும் நிற்பதால், சீக்கிரம் வடித்த பானத்தில் அதைவிட வெகு குறைவு. பூஜ்யம் என்று மட்டும் சொல்ல முடியாது. ஆல்கஹாலை முற்றிலும் தவிர்ப்பவர்கள், குழந்தைகளுக்குக் கொடுக்க நினைப்பவர்கள், கர்ப்பிணிகள் இதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யட்டும். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

வாடைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அழுகிய முட்டை வாடை ஈஸ்டின் தவிப்பு. புதுப்பழம் போட்டு, சுற்றைச் சுருக்கினால் போய்விடும். நெயில் பாலிஷ் வாடை வந்தால் சூடு அதிகம். வினிகர் நெடி தூக்கினால் காற்று அதிகம் போகிறது, ஜாடியைக் கழுத்துவரை நிரப்புங்கள். மேலே மெல்லிய வெள்ளை ஆடை சுருக்கம் சுருக்கமாகப் படிந்தால் அது ஒருவகை ஈஸ்ட், எடுத்துவிட்டு மணிகளை நல்ல தண்ணீரில் அலசித் தொடரலாம். பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு நிறத்தில் பஞ்சு மாதிரி வளர்ந்தால் பூசணம். அதில் பேச்சே இல்லை, பானம், மணி இரண்டையும் கொட்டிவிட வேண்டும். மற்றபடி ஒவ்வொரு சுற்றிலும் மணிகளை அலசும் பழக்கம் எனக்கு இல்லை, தேவையும் தெரியவில்லை.

ஊருக்குப் போகும்போது புதிய சர்க்கரைத் தண்ணீரில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று வாரம் தாங்கும். திரும்பி வந்ததும் முதல் சுற்று சோம்பலாக இருக்கும். நீண்ட நாளைக்கு என்றால் காயவைப்பதுதான் நம்பகமான வழி. நன்றாக அலசி, வடித்து, மெழுகுத்தாளின் மேல் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, மெல்லிய துணி மூடி, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் வைத்தால் சில நாளில் கல்லாகும். கையில் எடுத்துத் தட்டில் போட்டால் கலகலவென்று சத்தம் வர வேண்டும். மந்தமாக விழுந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது, இன்னொரு நாள் விடுங்கள். 60 கிராம் ஈர மணி காய்ந்தால் ஒரு சின்ன டப்பாவின் அடியைத்தான் மறைக்கும். காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் மாதக்கணக்கில் இருக்கும். டப்பாவின் மேல் தேதியோடு எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்பதையும் எழுதி வையுங்கள், யாருக்காவது கொடுக்கும்போது அவர்கள் கேட்கும் முதல் கேள்வி அதுவாக இருக்காது என்றாலும், வளரவில்லை என்று திரும்பி வரும்போது நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.